பன்னிரண்டு பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்து போதும்.
இங்கே பன்னிரண்டு:
நகர்த்த மூன்று, திருப்ப மூன்று,
பெருக்கிச் சுருக்க மூன்று,
சாய்த்து இழுக்க மூன்று.
பன்னிரண்டும் பார்த்தாகிவிட்டது.
அறுபத்து மூன்றாம் எண் இன்னும்
வார்ப்பு மூளையின்மேல் மல்லாந்து கிடக்கிறது,
வேறு டப்பாவின் மூடி மாதிரி.

ஊட்ரம், ஆறாவது மாடி, இரவு ஒன்பதே முக்கால்.
கோப்பி ஓ கோசோங்
சிவப்புக் கயிற்றுப் பையில் தொங்கியபடியே
ஆறிவிட்டது.

வார்ப்பு யாருடைய தலையும் இல்லை.
மான்ட்ரியலில் நூற்றைம்பத்திரண்டு பேரை
ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி
கூட்டி வகுத்த விடை.
பெரும்பாலும் இளசுகள்.
மடிப்பெல்லாம் மழுங்கி
புகைமூட்ட நாளில் தெரியும் எதிர் புளோக் போல
இருக்கிறது, இல்லை.
அறுபத்து மூன்றுக்கு வயது எழுபத்தொன்று.
நடுவிலுள்ள நீர்க்குளங்கள் அகன்று
கரை தேய்ந்துவிட்டது.

முதல் குற்றவாளி கழுத்து.
படத்தைத் தோள்வரை எடுத்திருக்கிறார்கள்;
நடுமையம் தேடிப் போன கணினி
தொண்டைக்குள் நின்றுவிட்டது.
கழுத்தை வெட்டினேன்.
(இந்த வேலையில் இப்படித்தான் பேச வேண்டியிருக்கிறது,
லிஃப்டில் பேசாமல் இருந்தால் சரி.)
இரு பாதிகளையும் கட்டும்
அந்தச் சின்ன வெள்ளைக் கயிற்றில்
தொடக்கப்புள்ளியைக் கையால் வைத்தேன்.
பிறகு ஓட்டை உரித்தேன்:
0.5 என்றால் பருப்பும் சேர்ந்து போகிறது,
0.3 என்றால் சிரட்டைத் துணுக்கு ஒட்டிக்கொள்கிறது.
0.38.
யாரும் கேட்காதவரை இதற்குக் காரணம் உண்டு.

எழுந்து உட்கார்ந்தது தலை.
ஆனால் இடம் எது, வலம் எது?
அடைப்பு வந்து இரண்டு வருஷமாகிறது,
பலவீனம் வலக்கையில் என்கிறது கோப்பு;
அப்படியென்றால் பள்ளம் இடப்பக்கம் இருக்க வேண்டும்.
திரையில் வலப்பக்கம் இருக்கிறது.
நல்லவேளை, ஹிதாயா அன்று
வலது நெற்றிப்பொட்டில் ஒரு மீனெண்ணெய் மாத்திரையை
டேப் போட்டு ஒட்டியிருந்தாள்.
இதோ மினுங்குகிறது, இடம் என்று எழுதிய பக்கத்தில்.
எழுத்து ஒன்று சொல்கிறது, மாத்திரை ஒன்று சொல்கிறது.
நான் மாத்திரையை நம்பினேன்.

அடுத்தது வளைத்துப் பொருத்தும் கட்டம்.
நாற்பது நிமிடம் ஓடி
குறையே இல்லாத படம் ஒன்றைக் கொடுத்தது.
பள்ளத்தைக் காணோம்.
அக்கம்பக்கத்து நல்ல சதையை
ரப்பர்போல் இழுத்து
அதன்மேல் மூடியிருக்கிறது,
விருந்தாளி வரும் நேரத்தில்
சோபா விரிப்பை இழுத்துவிடுகிற அவசரத்தில்.
இவ்வளவு அழகான பொய்யை
என் கணினி இதற்குமுன் சொன்னதில்லை.

முகத்தை முதல் நாளே அழித்துவிட்டோம், விதி அப்படி.
எனக்குத் தெரிந்ததெல்லாம் பாதங்கள்தான்;
குழாய்க்குள் போனபின் வெளியே மிஞ்சுவது அதுதானே.
பச்சைக் கட்டம் போட்ட காலுறை.
பாதியில் ஒலிபெருக்கியில் அவர் குரல்:
கதவு, மிஸ்ஸி, கதவு.
மலாயில் சொன்னார்.
கதவு சாத்தித்தான் இருந்தது.
மறுபடி கதவு. மறுபடி.
ஹிதாயா கொஞ்சம் யோசித்து
ஒரு போர்வையை எடுத்துப்போய்
கால்களை மூடினாள்.
அதன்பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

பள்ளத்தின் ஓரத்தைச் சுட்டெலியால் வரைந்தேன்,
நாற்பத்தோரு துண்டு, ஒவ்வொன்றாக.
கரை எங்கே முடிகிறது என்று
எனக்கே சில இடங்களில் தெரியவில்லை.
கணினியிடம் சொன்னேன்:
இதற்குள் பார்க்காதே.
இருப்பதை வைத்துப் பொருத்து.

பதினொன்றரைக்கு உட்கார்ந்தது.
பள்ளம் பள்ளமாகவே.
சிறுமூளையின் ஓரம் மட்டும்
வார்ப்பின் சிவப்புக் கோட்டை விட்டு
இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது.
கை அரித்தது.
விட்டுவிட்டேன்.

063, ஏற்கத்தக்கது என்று பதிந்து,
கடைசி ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறதே என்று
அறுபத்து நான்கைத் திறந்தேன்.
தலைகீழாக இருந்தது.